மூன்று கோட்டைகள், ஒரு 'நாம்', ஒரு 'நாங்கள்'

இது சற்று நெடிய பதிவு, பொறுத்தருள வேண்டும்.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழிகாட்டி ஒருவருடன் ஒரே நாளில் மூன்று மலைக்கோட்டைகளைக் கண்டுவரும் பயணக் குழுவொன்றில் சேர்ந்து லோஹகட், திகோனா, துங் ஆகிய மூன்றுக்கும் சென்று வந்தேன். மூன்றும் புணே மாவட்டத்து மாவள் வட்டத்தில், பவனா நீர்த்தேக்கத்தைச் சுற்றி நிற்பவை. படங்கள் எங்கே என்று கேட்டவர்களுக்கு ஒரு விடை: படங்கள் மிகக் குறைவு. நான் கொண்டுவந்தது ஓர் ஒலிப்பதிவு. அதிலும் பதினொரு நிமிடங்கள் இப்போது இல்லை. இல்லாமற்போன அந்தப் பதினொரு நிமிடங்களைப் பற்றியே இப்பதிவு.

நான் அங்குச் சென்றதற்குக் காரணங்கள் இரண்டு. 2025 சூலையில் யுனெஸ்கோ 'இந்தியாவின் மராத்தா இராணுவ நிலக்காட்சிகள்' என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளன. லோஹகட் அவற்றில் ஒன்று. பன்னிரண்டாவது செஞ்சி. நான் பிறந்து வளர்ந்த சிற்றூரின் வாசலில் நின்றால் இராசகிரியின் உச்சி தெரியும். ஐந்தாண்டுகளாகப் புணேயில் வாழ்ந்துகொண்டு, என் ஊர்க் கோட்டையோடு ஒரே பட்டியலில் இடம்பெற்ற, இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் கோட்டையை இன்னும் பார்க்கவில்லை என்பது எனக்கே வெட்கமாக இருந்தது.

இரண்டாவது காரணம் அவ்வளவு கௌரவமானதன்று. என் முனைவர் பட்ட ஆய்வு, மராத்தியிலும் தமிழிலும் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை இயல்பான பேச்சில் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பற்றியது. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்'. கேட்பவரை விலக்கிச் சொன்னால் 'நாங்கள்'. தமிழருக்கு இது விளக்கத் தேவையற்ற வேறுபாடு. தெலுங்கில் 'மனமு', 'மேமு' என்றும், மலையாளத்தில் 'நம்மள்', 'ஞங்ஙள்' என்றும் இது உண்டு. இந்தியில் இல்லை; அங்கே எல்லாம் 'ஹம்'. ஆனால் இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்த மராத்தியில் இவ்வேறுபாடு தெளிவாக இருக்கிறது. விலக்கும் பன்மை 'ஆம்ஹீ', உளப்படுத்தும் பன்மை 'ஆபண்'. இதைத் திராவிட மொழித் தொடர்பின் தடமாகக் கருதும் மொழியியலாளர் பலர். மராத்தியின் தோற்றத்தில் திராவிடக் கலப்பு எவ்வளவு ஆழமானது என்ற கேள்வியை ஃபிராங்க்ளின் சவுத்வொர்த் 1971இல் வெளிவந்த கட்டுரையிலேயே எழுப்பியிருந்தார்.

இதில் இன்னொரு நயமும் உண்டு. 'ஆபண்' என்பது அடிப்படையில் தற்சுட்டுச் சொல். 'தான்', 'தாம்' போன்றது. அதுவே மரியாதைக்குரிய முன்னிலையாகவும் வரும். நம் 'தாம்' என்ற தற்சுட்டிலிருந்து 'தாங்கள்' என்னும் மரியாதை முன்னிலை வளர்ந்ததை எண்ணிப் பார்த்தால் இரு மொழிகளும் ஒரே முற்றத்தில் புழங்கியவை என்ற உணர்வு எழாமற்போகாது.

ஆய்வு முன்னேற்றக் கூட்டத்தில் என் தரவுகளைப் பார்த்தவர்கள் ஒரே குறையைச் சொன்னார்கள். வினாப்பட்டியலை நீட்டி, 'இதை மராத்தியில் எப்படிச் சொல்வீர்கள்' என்று கேட்டுப் பெற்ற வாக்கியங்களே மிகுதி. ஒருவர் தம் போக்கில் நெடுநேரம் பேசும்போது 'ஆபண்' எப்போது 'ஆம்ஹீ' ஆகிறது என்பதற்குச் சான்று இல்லை. குறை நியாயமானதே. பயண அறிவிப்பைக் கண்டதும் எனக்குத் தோன்றியது இதுதான்: ஒரு வழிகாட்டி பன்னிரண்டு மணி நேரம் வரலாறு பேசுவார். வரலாறு பேசுகிறவர் 'நாம் வென்றோம்' என்பாரா, 'நாங்கள் வென்றோம்' என்பாரா? ஆய்வாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கைப்பேசியின் ஒலிப்பதிவுச் செயலியை முடுக்கி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு இயல்பிழக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாதத்தின் பலவீனம் அப்போதே எனக்குத் தெரியும். நெறிமுறைத் தேர்வில் நானே எழுதி மதிப்பெண் பெற்ற விடை அது.

விடியற்காலை ஐந்து மணிக்குச் சிற்றுந்து புறப்பட்டது. ஏறத்தாழ இருபது பேர். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் பணிபுரிவோர், பள்ளிப் பிள்ளைகளுடன் வந்த இரண்டு இந்தி பேசும் குடும்பங்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவர். வழிகாட்டிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடல், வெள்ளைத் தொப்பி, தேய்ந்த செருப்பு. எல்லோரும் அவரைக் 'காகா' என்றோம். பெண்களை அவர் 'தாயி' என்று அழைத்தார். மராத்தியில் அது அக்காள். நம் தென் மாவட்டங்களில் பாட்டி தன் பேத்தியை விளிக்கும் அதே ஒலியில் அக்காள் என்று பொருள்படும் சொல்லை, என் தந்தை வயதுடைய ஒருவர் வாயிலிருந்து கேட்பது ஒவ்வொரு முறையும் எனக்கு ஓர் இன்பமான தடுமாற்றம்.

லோஹகட்டின் நான்கு வாயில்களும் ஒன்றன்மேல் ஒன்றாக, வளைந்து வளைந்து ஏறும் பாதையில் அமைந்தவை: கணேசர் வாயில், நாராயணர் வாயில், அனுமன் வாயில், பெருவாயில். பாதை ஏன் வளைகிறது என்று காகா பிள்ளைகளைக் கேட்டார். பிறகு தாமே சொன்னார். நேர்வழியாக இருந்தால் யானை ஓடிவந்து கதவை முட்டும். வளைவில் யானைக்கு ஓட இடமில்லை. வளைவில் திரும்பும் படை தன் பக்கவாட்டை மேலிருப்பவனுக்குக் காட்டியே தீரவேண்டும். சுவரிலிருந்த 'ஜங்க்யா' என்னும் துளைகளின் வழியே கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன், நாங்கள் மூச்சிரைக்க ஏறிவந்த படிகள் முழுவதும் தெரிந்தன. மறைந்து நின்று அம்பெய்வதற்கான மதிலுறுப்பை நம் பழைய இலக்கியம் 'ஞாயில்' என்கிறது. படித்தபோது சொல்லாக மட்டும் இருந்தது, அன்று அந்தத் துளையில் கண்வைத்தபோதுதான் பொருளாயிற்று.

நீர்த்தொட்டி, தானியக் குகை, சுண்ணாம்பு அரைத்த வட்டப் பள்ளம், தேளின் கொடுக்கைப் போல நீண்டு கிடக்கும் 'விஞ்சூகாட்டா' என்னும் பாறை நீட்டம் என ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு காகா பேசிக்கொண்டே வந்தார். நீரும் நிலமும் மலையும் காடும் சேர்ந்ததே அரண் என்று வள்ளுவர் சொன்னது நினைவுக்கு வந்தது. பாறையைக் குடைந்து நீர் தேக்கியவர்களும் அதையே வேறு மொழியில் அறிந்திருந்தார்கள்.

என் காது மட்டும் வேறு வேலையில் இருந்தது. 1665 சூனில் புரந்தர் உடன்படிக்கையின்படி சிவாஜி இருபத்துமூன்று கோட்டைகளை முகலாயரிடம் ஒப்படைத்தார். அன்று நாங்கள் காணவிருந்த மூன்றும் அவற்றுள் அடங்கும். காகா சொன்னது: "ஆபண்" இழந்தோம். 1670இல் "ஆபண்" மீட்டோம். 1818இல் ஆங்கிலேயர் வந்தபோது "ஆபண்" விட்டுப் போனோம். காலை முழுதும் 'ஆபண்' மட்டுமே. கேட்டுக்கொண்டிருந்த இருபது பேரில் எத்தனை பேரின் முன்னோர் அக்கோட்டைகளை இழந்தவர், எத்தனை பேரின் முன்னோர் பிடித்தவர், எத்தனை பேரின் முன்னோர் அவற்றைக் கேள்விப்பட்டேயிராதவர் என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குப் பொருட்டில்லை. வரலாறு எல்லோரையும் உள்ளே அழைத்துக்கொண்டது. நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன்; முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு.

இந்திக் குடும்பங்களுக்காக அவ்வப்போது இந்தியிலும் சொன்னார். அங்கே எல்லாம் 'ஹம்' ஆயிற்று. எனக்கு அது தேவையற்ற தரவு. மொழி மாறும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

கோட்டைச் சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உச்சியிலுள்ள உட்கோட்டையை மராத்தியில் 'பாலேகில்லா' என்கிறார்கள். மேல் என்னும் பாரசீகச் சொல்லும் கோட்டை என்னும் அரபுச் சொல்லும் இணைந்தது. நாம் கொத்தளம் என்பதை அவர்கள் 'புருஜ்' என்கிறார்கள், அதுவும் அரபு. சிவாஜியின் ஆணையால் இயற்றப்பட்ட 'ராஜவ்யவஹாரகோசம்' என்னும் அகராதி ஆட்சிமொழியில் புழங்கிய பாரசீக, அரபுச் சொற்களுக்கு வடமொழி நிகரன்களைத் தந்தது. அதன் பத்துப் பகுதிகளில் ஒன்று கோட்டைகளுக்கே உரியது. அதன் ஆசிரியரான ரகுநாத பண்டிதர், 1677 தென்னகப் படையெடுப்பில் சிவாஜியுடன் நின்ற ரகுநாத நாராயண அனுமந்தேதான் என்று பொதுவாக அடையாளம் காண்பர். அந்தப் படையெடுப்பில்தான் செஞ்சி பிஜப்பூரிடமிருந்து மராத்தியர் கைக்கு வந்தது. கோட்டையைப் பிடிப்பது ஒரு சில மாதப் பணி. கோட்டைச் சொல்லை மாற்றுவது அப்படியன்று. மூன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் காகாவுக்கு அது பாலேகில்லாதான், புருஜ்தான். அரசனின் அகராதி ஒருபுறம் இருக்க, மலையடிவாரத்து மக்கள் தங்கள் சொல்லைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

பகல் உணவுக்குப் பிறகு திகோனா. பெயருக்கேற்ற முக்கோண மலை. உட்கோட்டைக்குச் செல்லும் இறுதிப் படிகள் மிகச் செங்குத்தானவை. ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம். கயிற்றைப் பற்றிக்கொண்டு ஏறினோம். மேலே சிறிய சிவன் கோயில், அதன் பக்கத்தில் நீர்ச்சுனை. விளிம்பிலிருந்து பார்த்தால் பவனா நீர்த்தேக்கம் முழுவதும் விரிந்து கிடந்தது. அதன் அக்கரையில், கூம்புபோல, மாலையில் நாங்கள் ஏறவிருந்த துங்.

பிள்ளைகள் படமெடுத்தார்கள். 'எவ்வளவு அழகான ஏரி' என்றார் ஒரு பெண்மணி. காகா ஏரியைப் பார்த்தபடி, "ஆம்ச காவ்" என்று தொடங்கினார்.

ஆம்ச. விலக்கும் பன்மை. 'எங்கள் ஊர்.'

1970களின் தொடக்கத்தில் எழுந்த அணை அது. அதன் நீர் பிம்ப்ரி-சிஞ்ச்வடு நகரத்துக்குச் செல்கிறது. எங்கள் குழுவில் பலர் அந்நகரத்தில் வாழ்பவர்கள். அணைக்காகப் பல ஊர்களின் நிலம் நீருக்குள் போயிற்று. மறுவாழ்வுக்கான கோரிக்கைகள் பல்லாண்டுகள் நீண்டன. இவை பொதுவெளியில் உள்ள செய்திகள்; ஆதலால் எழுதுகிறேன். காகா அன்று சொன்னவை வேறு. அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

எழுதக்கூடியது இலக்கணம் மட்டுமே. அந்தப் பதினொரு நிமிடங்களில் அவர் ஒருமுறைகூட 'ஆபண்' என்று சொல்லவில்லை. காலையில் முந்நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய தோல்வியையும் வெற்றியையும் எங்கள் எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்தவர், ஐம்பது ஆண்டுக்கு முந்தைய தம் ஊரின் கதையில் எங்களில் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. கோபத்தோடு சொல்லவில்லை, குரல்கூட உயரவில்லை. சொல் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டது. பிறகு இந்தியில் சுருக்கமாக 'ஹமாரா காவ்' என்றார். அந்த மொழியில் கேட்டவர்களுக்குக் கதவு இருந்ததும் தெரியாது, அது மூடியதும் தெரியாது. அவர்களில் ஒருவர் இயல்பாக, 'நம் ஊர்களிலும் இப்படித்தான்' என்று தலையசைத்தார். நான் நாள்முழுதும் தேவையற்றதென ஒதுக்கிய இந்தித் தரவு, என் ஆய்வின் மையக் கேள்வியைக் கண்முன் நிறுத்தியது.

என் உடல் சிலிர்த்ததை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சிலிர்ப்பு அவர் துயரத்துக்காக அன்று. ஐந்தாண்டுகளாகத் தேடிய எடுத்துக்காட்டு கிடைத்துவிட்டது என்பதற்காக. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன், செயலி ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஊரின் பெயரை நான் கேட்கவில்லை. 'பிறகு எங்கே போனீர்கள்' என்று கேட்கவில்லை. கேட்டவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

துங் நோக்கி உந்து ஏரியைச் சுற்றிச் செல்கையில் என் ஆயாவின் நினைவு வந்தது. செஞ்சி மலையடிவாரத்தில் ஆடு மேய்த்தவள் அவள். வெளியூர்க்காரர் வழி கேட்டால், 'எங்க மலைல சாயங்காலம் ஏறாதீங்க' என்பாள். என்னிடம் பேசும்போது அதே மலை 'நம்ம மலை'. ஒரே மலைக்கு இரண்டு சொல் ஏன் என்று ஐந்து வயதில் கேட்டிருக்கிறேன். 'அவங்க போயிடுவாங்க, நீ இருப்ப' என்றாள். உளப்பாட்டுத் தன்மைப் பன்மைக்கு இதைவிடச் செறிவான விளக்கத்தை நான் எந்த இலக்கண நூலிலும் காணவில்லை. அந்த விளக்கத்தின்படி நானும் இப்போது போய்விட்டவள் என்பது வேறு செய்தி.

துங் ஏற்றம் குறுகியது. ஆனால் மூச்சை வாங்கும். 'கடின்கட்' என்ற மறுபெயர் வீணாக வரவில்லை. உச்சியில் தேவி கோயிலின் முன் காற்று வாங்க அமர்ந்தபோது, காகா என் ஊரைக் கேட்டார். செஞ்சி என்றேன். அவருக்குப் புரியவில்லை. 'ஜிஞ்ஜி' என்றேன்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். சொல்லுக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே எழுந்து நின்றார். "ஆப்லி ஜிஞ்ஜி!" என்றார். நம் செஞ்சி. உளப்படுத்தும் சொல். உடனே குழுவைக் கூட்டிச் சொல்லத் தொடங்கினார். 1689இல் சம்பாஜி கொல்லப்பட்ட பிறகு அவர் தம்பி ராஜாராம் தப்பித் தெற்கே வந்து செஞ்சியை அடைந்தது, அங்கிருந்து ஆட்சி நடந்தது, சுல்ஃபிகார் கான் ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டது, 1698இல் கோட்டை விழுமுன்னரே ராஜாராம் வெளியேறியது என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு வியப்பு மேலிட்டது. எங்கள் ஊரில் இக்கதையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்களுக்குச் செஞ்சி என்றால் தேசிங்குராசன். 1714இல் ஆற்காட்டு நவாப்பின் படையோடு மோதி மாண்ட இளைஞன். அவனுடைய குதிரையின் பெயர்கூட ஆயாவுக்குத் தெரியும். அவனும் தமிழனல்லன், பண்டேலா ராஜபுத்திரன். எட்டாண்டு முற்றுகை எங்கள் நினைவில் தங்கவில்லை. ஒரே நாள் போரில் மாண்டவன் தங்கிவிட்டான். காகாவின் நினைவில் தேசிங்கு இல்லை. ஒரே மலை, இரண்டு நினைவுகள். ஒன்றுக்கொன்று முகம் தெரியாதவை.

'அந்த முற்றுகையின்போது கீழே இருந்த உங்கள் ஊர் மக்கள் என்ன ஆனார்கள்?' என்று காகா கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. இரண்டு பெரும்படைகள் ஆண்டுக்கணக்கில் தின்ற நெல் யார் வயலில் விளைந்தது, யார் வீட்டு மாடுகள் பொதி சுமந்தன என்று நான் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை. அவருக்கு அந்தக் கேள்வி இயல்பாக வந்தது. மலைக்கோட்டைகளைச் சுற்றிய 'கேரா' ஊர்களின் மக்கள்தாம் தலைமுறைகளாக அடிவாரத்தைக் காத்தவர்கள். காகா அப்படிப்பட்ட அடிவாரத்து மனிதர். கோட்டை யாருடையது என்ற கதையில் 'நாம்' என்று தாராளமாகச் சொல்லிவிடலாம். அடிவாரம் என்ன ஆயிற்று என்று கேட்கிறவர் அடிவாரத்திலிருந்து வந்தவராகவே இருக்கிறார். என் ஊருக்கு என்ன நேர்ந்தது என்று முகமறியாத என்னிடம் அவர் கேட்டார். அவர் ஊருக்கு என்ன நேர்ந்தது என்று, அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே, நான் கேட்கவில்லை.

இறங்கும் வழியில் மற்றவர்களை முன்னே விட்டு, அவரோடு நடந்தேன். காலையிலிருந்து பதிவு செய்துகொண்டிருப்பதைச் சொன்னேன். ஆய்வு எதைப் பற்றியது என்பதையும், கேட்காமல் செய்தது தவறென்பதையும் சொன்னேன். 'ஆபண்', 'ஆம்ஹீ' வேறுபாட்டை விளக்கியபோது சிரித்தார். மூச்சுவிடுவதை ஒருவர் ஆராய்கிறார் என்று கேட்டால் எப்படிச் சிரிப்போமோ அப்படி. சற்று நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, "கடாச்சி கோஷ்ட் க்யா, தாயி. காவாச்சி நகோ" என்றார்.

கோட்டையின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள், தாயி. ஊரின் கதை வேண்டாம்.

கடிந்துகொள்ளவில்லை. விலை பேசவும் இல்லை. காலை முதல் அவர் இலக்கணத்தில் இட்டுவந்த அதே கோட்டைத்தான் மீண்டும் ஒருமுறை, இப்போது வெளிப்படையாக, இட்டார். இது எல்லோருக்கும், அது எங்களுக்கு. அவர் பேச்சில் நான் 'கண்டுபிடித்ததாக' மகிழ்ந்த எல்லையை அவர் அறிந்தே வைத்திருந்தார். அந்த எல்லையைப் பற்றி ஆய்வு செய்துகொண்டே அதைத் தாண்டி நான் கைநீட்டியிருந்தேன்.

உந்தில் என் இருக்கையில் அமர்ந்து, அவர் பார்க்கும்படியாக, அந்தப் பதினொரு நிமிடங்களை வெட்டி அழித்தேன். விரல் தயங்கியது என்பதை மறைக்கப்போவதில்லை. 'ஓர் எழுத்துப்படி மட்டும் எடுத்துக்கொள்ளலாமே, பெயரை மாற்றிவிடலாமே' என்ற குரல் உள்ளே கேட்டது. பெயரை மாற்றுவது, இசைவு தந்தவரைக் காக்கும் வழி. இசைவு தராதவரிடமிருந்து எடுத்துக்கொள்ளும் வழியன்று. மீதமுள்ள பகுதிக்கு, புணே திரும்பியபின் முறையான இசைவுப் படிவத்தை மராத்தியில் அச்சிட்டு, மறுவாரம் அவர் ஊருக்குச் சென்று படித்துக்காட்டி ஒப்பம் பெற்றேன். அன்று பதிவுக்கருவி இல்லாமல், வெறுங்கையோடு, அவர் ஊரின் கதையை முழுதும் கேட்டேன். ஊரின் பெயரும் இப்போது எனக்குத் தெரியும்.

நெறியாளரிடம் நடந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார். 'உன் நான்காம் இயலில் ஓர் ஓட்டை இருக்கும்' என்றார். இருக்கும். ஒரே பேச்சாளர், ஒரே நாள், ஒரே கேட்போர் கூட்டம். அவர்களிடமே 'ஆபண்' 'ஆம்ஹீ'யாக மாறிய இடம் என் தரவில் இல்லை. லோஹகட்டின் 'ஆபண்'கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. அவற்றைக் கொண்டு நிறுவக்கூடியது, வரலாற்றுப் பேச்சு கேட்போரை உளப்படுத்துகிறது என்பது மட்டுமே. எப்போது விலக்குகிறது என்பதற்கு, கேட்டுப் பெற்ற இசைவோடு, வேறு சான்றுகளைத் தேட வேண்டும். ஆறு மாதம் கூடுதலாகலாம். உதவித்தொகை அதற்குள் முடிந்துவிடும் என்ற கவலையும் உண்டு.

இப்பதிவை எழுதலாமா என்று காகாவிடம் தொலைபேசியில் கேட்டேன். என் பெயரும் ஊரும் வேண்டாம், அன்று நான் சொன்னதும் வேண்டாம், நீங்கள் செய்ததை எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அவர் விதித்த எல்லைக்குள்தான் எழுதியிருக்கிறேன் என்று நம்புகிறேன். மராத்தி அறிந்த நண்பர் ஒருவரைக் கொண்டு அவருக்கு இதைப் படித்துக்காட்டிய பிறகே வெளியிடுகிறேன்.

களப்பணியில் இருக்கும் ஆய்வு நண்பர்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒன்றைக் கேட்க மட்டும் விரும்புகிறேன். முதலில் மறைவாகப் பதிவுசெய்து, பிறகு தெரிவித்து இசைவு பெறும் வழக்கம் நம் துறையில் இருப்பதை நானறிவேன். அதற்கான காரணங்களையும் அறிவேன். உங்கள் தரவில் இப்படி வந்து சேர்ந்த 'எங்கள்' எத்தனை? அவற்றை என்ன செய்தீர்கள்? பின்னூட்டத்தில் எழுதுங்கள், பொதுவில் எழுத இயலாதவர்கள் தனிமடலில் எழுதலாம். அதை நான் யாருக்கும் காட்டமாட்டேன்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது காகாவும் வருகிறார். ஜிஞ்ஜியைப் பார்க்க வேண்டுமாம். ஆயாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். 'வரட்டும், நம்ம மலைய காட்டிடலாம்' என்றாள். 'நம்ம' என்பதில் அவரையும் சேர்த்தாளா, என்னை மட்டும் சேர்த்தாளா என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டுவிட்டேன். வந்தபிறகு அவளே அவரிடம் சொல்லட்டும்.